இரண்டு நாற்காலி, ஒரு விமானம்: காக்பிட் வேலைப் பிரிவினையை வீட்டிலேயே பழகுவது எப்படி

சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் முடித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சித் தேதிக்காக வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இது. 200 மணி நேரமும் செஸ்னா மாதிரி சின்ன விமானத்தில்தான் பறந்திருப்பீர்கள். அதில் ஸ்டிக்கும் நீங்கள், ரேடியோவும் நீங்கள், செக்லிஸ்ட்டும் நீங்கள். ஏர்பஸ் ஏ320 சிமுலேட்டரில் உட்கார்ந்ததும் முதலில் கை தடுமாறுவது பறப்பதில் இல்லை. இந்த சுவிட்சை யார் தொடுவது, இந்த வார்த்தையை யார் சொல்வது என்பதில்தான். சிமுலேட்டரில் ஒவ்வொரு மணி நேரமும் காசு. அந்தத் தடுமாற்றத்தை அங்கே கொண்டுபோகாமல் வீட்டுச் சுவரிலேயே தீர்த்துக்கொள்ளலாம். இரண்டு பேர் வேண்டும், முடிந்தால் மூன்றாவதாக ஒருவர்.

வேண்டியவை

காக்பிட் படத்தை நாகர்கோவிலில் கல்யாண ஃப்ளெக்ஸ் அடிக்கும் எந்தக் கடையிலும் அடித்துத் தருவார்கள். மூன்று துண்டாக அடியுங்கள்: முன் பேனல் ஆறடிக்கு மூன்றடி, தலைக்கு மேல் வரும் பேனல் ஒன்று, நடுவில் லிவர்கள் இருக்கும் பெடஸ்டல் ஒன்று. முன் பேனலை உட்கார்ந்த கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மாட்டுங்கள். மேல் பேனலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். அண்ணாந்து பார்த்துக் கை போய்த் தேடுகிற பழக்கம் வந்தால்தான் பயன். பெடஸ்டலை இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஸ்டூலில் விரித்து, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லிவருக்கு இரண்டு பழைய கரண்டியைக் கட்டிவையுங்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கை எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்பது கரண்டியிலும் பழகும்.

உங்கள் நிறுவனத்தின் எஸ்ஓபி (நிலையான செயல்முறை) கையேடு கைக்கு வந்துவிட்டால் அதுவே வேதம். கீழே உள்ளது ஏர்பஸ் முறையின் பொதுவான வடிவம். சொற்கள் இடத்துக்கு இடம் மாறும்: போயிங்கில் ‘பாசிட்டிவ் ரேட்’, ஏர்பஸ்ஸில் ‘பாசிட்டிவ் கிளைம்ப்’. அர்த்தம் ஒன்றுதானே என்று கலந்து பேசிப் பழகாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காது எதிர்பார்ப்பது ஒரு குறிப்பிட்ட ஒலியை.

பதவி வேறு, வேலை வேறு

கேப்டன் இடப்பக்கம், ஃபர்ஸ்ட் ஆபீசர் வலப்பக்கம். அது பதவி. இந்தப் பயணத்தில் ஓட்டுவது யார் என்பது தனிக் கேள்வி. ஓட்டுபவர் பைலட் ஃபிளையிங், சுருக்கமாகப் பிஎஃப். மற்றவர் பைலட் மானிட்டரிங், பிஎம். போகும்போது கேப்டன் ஓட்டினால் திரும்பும்போது ஃபர்ஸ்ட் ஆபீசர் ஓட்டுவார். பழைய கையேடுகளில் பிஎம்முக்கு ‘பைலட் நாட் ஃபிளையிங்’ என்று பெயர், அதாவது ஓட்டாதவர். ஒரு வேலைக்கு ‘இவர் இதைச் செய்ய மாட்டார்’ என்று பெயர் வைத்தால், அவர் சும்மா இருக்கிறார் என்றுதான் ஆகும். பெயர் மாறியதற்கு அதுதான் காரணம்.

பாதை, உயரம், வேகம் மூன்றும் பிஎஃப் பொறுப்பு. ஆட்டோபைலட் ஓடினாலும் பொறுப்பு அவருடையதே. ரேடியோ, செக்லிஸ்ட் வாசிப்பு, சக்கரத்துக்கான கியர் லிவர், இறக்கை மடிப்புக்கான ஃபிளாப் லிவர் எல்லாம் பிஎம் கையில். இவற்றுக்கு மேலே, பிஎஃப் செய்வதை இமை கொட்டாமல் பார்ப்பதும் பிஎம் வேலை. எங்களைக் கேட்டால் இரண்டில் கடினமானது இதுதான். ஓட்டுபவருக்குக் கவனம் தானாக வரும். பார்த்துக்கொண்டிருப்பவர் கவனத்தைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

எல்லோரும் குழம்பும் இடம் கண்ணாடிக்குக் கீழே இருக்கும், ஆட்டோபைலட்டுக்கு வேகம், திசை, உயரம் கொடுக்கும் எஃப்சியு பேனல். ஆட்டோபைலட் ஓடும்போது அதன் குமிழ்களைப் பிஎஃப் தானே திருப்புவார். கையால் ஓட்டும்போது அதைத் தொடக் கூடாது. ‘செட் ஹெடிங் 140’ என்று பிஎஃப் சொல்வார், பிஎம் திருப்புவார். குமிழைத் தேடிக் கண் போன இடைவெளியில் இறக்கை சாய்ந்துவிடும் என்பதால்தான். யார் திருப்பினாலும், திருப்பிய எண்ணைப் பேனலில் பார்த்தால் போதாது. வேகம், உயரம், சாய்வு காட்டும் பிஎஃப்டி திரையில் அது வந்திருக்கிறதா என்று இருவருமே பார்க்க வேண்டும்.

பதவியே முடிவு செய்கிற விஷயம் ஒன்று உண்டு: டேக்ஆஃபை நிறுத்துவது. ஃபர்ஸ்ட் ஆபீசர் ஓட்டினாலும் ‘ஸ்டாப்’ அல்லது ‘கோ’ என்று சொல்வது கேப்டன்.

டேக்ஆஃப்: நொடிக்கு நொடி

வலப்பக்கம் இருப்பவர் பிஎஃப் என்று வைத்துக்கொள்வோம். ‘டேக்ஆஃப்’ என்று சொல்லி இரண்டு லிவரையும் 50 சதவீத என்1 (இன்ஜின் விசிறியின் சுழல் வேகம்) வரை தள்ளுகிறார். இரண்டு இன்ஜினும் ஒரே அளவில் நிலைத்த பிறகுதான் ஃப்ளெக்ஸ் நிலைக்கு, அதாவது முழுச் சக்திக்குச் சற்றுக் குறைந்த டேக்ஆஃப் நிலைக்கு, தள்ள வேண்டும். நேரே தள்ளினால் ஒரு இன்ஜின் முந்திக்கொண்டு மூக்கைப் பக்கவாட்டில் இழுக்கும். லிவர் உட்கார்ந்ததும் பிஎஃப் கை விலகுகிறது, கேப்டன் கை அதன்மேல் வருகிறது. வீட்டில் பழகும்போது பாதிப் பேர் இந்தக் கை மாற்றத்தை விட்டுவிடுவார்கள். கரண்டி கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

எந்தெந்த முறை இயங்குகிறது என்று காட்டும் திரையின் மேல் வரியை பிஎஃப் வாசிக்கிறார்: ‘மேன் ஃப்ளெக்ஸ் 52, எஸ்ஆர்எஸ், ரன்வே, ஆட்டோத்ரஸ்ட் ப்ளூ’. பிஎம் தானும் பார்த்துவிட்டு ‘செக்ட்’ என்கிறார். வேகம் 80 நாட் (மணிக்கு 80 நாட்டிகல் மைல்) ஆவதற்குள் பிஎம் ‘த்ரஸ்ட் செட்’. 100 நாட்டில் பிஎம் ‘ஒன் ஹண்ட்ரட் நாட்ஸ்’, பிஎஃப் ‘செக்ட்’.

அந்த 100 ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. இரண்டு பேர் திரையிலும் ஒரே வேகம் காட்டுகிறதா என்று தெரிகிறது. இனி சின்னக் கோளாறுக்கெல்லாம் நிறுத்துவதில்லை என்ற எல்லைக் கோடு விழுகிறது. ‘செக்ட்’ என்ற பதில் வராவிட்டால், பிஎஃப் மயங்கிக்கூடக் கிடக்கலாம் என்ற சந்தேகம் அங்கேயே எழுந்துவிடுகிறது. பதில் சொல்வது சடங்கு அல்ல.

வி-ஒன், அதாவது டேக்ஆஃபை நிறுத்த முடிவெடுக்கக்கூடிய கடைசி வேகம், வந்ததும் கேப்டன் கையை லிவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதற்குப் பிறகு பிரேக் போட்டால் ஓடுபாதை போதாமல் போகலாம். கை அங்கேயே இருந்தால் பதற்றத்தில் பின்னால் இழுக்கத் தோன்றும். அடுத்து, மூக்கைத் தூக்கச் சொல்லி பிஎம் ‘ரொட்டேட்’.

மூக்கு தூக்கியதும் பிஎம் கண் ஜன்னலுக்குப் போகக் கூடாது. உயரமானியும் வெர்டிகல் ஸ்பீடும் இரண்டுமே ஏறுவதைப் பார்த்த பிறகுதான் ‘பாசிட்டிவ் கிளைம்ப்’. பிஎஃப் ‘கியர் அப்’. பிஎம் லிவரைத் தூக்கிவிட்டு ‘கியர் அப்’. வழக்கமான தவறு: ‘பாசிட்டிவ்’ என்று வாய் திறக்கும்போதே கை கியர் லிவரில் இருக்கும். லேசாக எழும்பிய விமானம் மறுபடி ஓடுபாதையில் உட்காரவும் கூடும். அந்த நேரம் சக்கரம் மடங்கிவிட்டால் வயிறுதான் தரையில் தேயும். பார்ப்பது ஒருவர், கட்டளை இன்னொருவர் என்று பிரித்து வைத்தது அந்த இரண்டு நொடியை வாங்குவதற்கு. பழகும்போது கட்டளை காதில் விழும்வரை பிஎம் கை தொடையில் இருக்கட்டும்.

ஃபிளாப்பும் இதே தாளம்தான். ஃபிளாப்பை உள்ளே எடுக்கத் திரையில் குறித்திருக்கும் எஃப் வேகம் வந்து ஏறிக்கொண்டிருந்தால் பிஎஃப் ‘ஃபிளாப்ஸ் ஒன்’. பிஎம் முதலில் வேகத்தைப் பார்த்து ‘ஸ்பீட் செக்ட்’, பிறகு லிவர், பிறகு திரையைப் பார்த்து ‘ஃபிளாப்ஸ் ஒன்’. அடுத்த குறியான எஸ் வேகத்தில் ‘ஃபிளாப்ஸ் ஜீரோ’. கேட்ட உடனே லிவரை இழுப்பவர் நல்ல பிஎம் இல்லை. தப்பான வேகத்தில் கேட்டால் இழுக்காமல் இருப்பதற்குத்தான் அவர் அங்கே இருக்கிறார். ஆட்டோபைலட்டை 100 அடிக்கு மேலே, அதுவும் தரை விட்டு 5 நொடி கழிந்த பிறகே போடலாம்.

10,000 அடி தாண்டும்வரை வேலைப் பேச்சு மட்டும். மேலே போய் சமநிலையில் பறக்கும்போது பிரிவினை அதேதான், அவசரம் மட்டும் இல்லை. கணினியில் தட்ட ஒருவர் தலை குனிந்தால் மற்றவர் தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்ற ஒன்றை மறக்காதீர்கள்.

செக்லிஸ்ட் வேலைப் பட்டியல் அல்ல

வேலையை முதலில் மனப்பாடமாகக் கை செய்து முடிக்கிறது. பிறகு பிஎஃப் கேட்க, பிஎம் வாசிக்க, செய்தது சரியா என்று பார்ப்பதுதான் செக்லிஸ்ட். பதிலை ஞாபகத்திலிருந்து சொல்லக் கூடாது. கண் அந்த இடத்துக்குப் போய்த் திரும்பிய பிறகே வாய் திறக்க வேண்டும். எழுதியிருக்கும் பதிலும் வந்த பதிலும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியிலேயே நில்லுங்கள். நடுவில் ரேடியோ கூப்பிட்டு விட்டுப்போனதா? எந்த வரியில் விட்டோம் என்று துளி சந்தேகம் இருந்தாலும் முதலிலிருந்து வாசியுங்கள்.

திருவனந்தபுரம் ஓடுபாதை 32க்கு இறங்குவது

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்குப் பக்கத்து ஓடுபாதை என்பதால் இதையே பழகலாம். விமானம் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக இறங்கும். ஓடுபாதைக் கோட்டைப் பின்னால் நீட்டினால் விழிஞ்ஞம், பூவார் பக்கமாக வந்து நம் கொல்லங்கோடு, நீரோடி கரையைத் தொடும். சரிவு 3 டிகிரி என்றால் நாட்டிகல் மைலுக்குச் சுமார் 300 அடி கணக்கு. கோவளம் பக்கம் சுமார் 1,500 அடி. நம் கன்னியாகுமரிக் கோவளம் இல்லை, விழிஞ்ஞத்தை அடுத்த கோவளம். அதைத் தாண்டி, ஓடுபாதைக்கு மூன்று மைல் இருக்கும்போது 1,000 அடி. தரை வேகம் 140 நாட் என்றால் இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 700 அடி. வேகத்தை ஐந்தால் பெருக்கினால் வந்துவிடும். பிஎம் இந்தக் கணக்கை மனதில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இறங்கத் தொடங்கும் முன்பே பிஎஃப் பிரீஃபிங் கொடுப்பார்: எந்த முறை, மினிமம் (ஓடுபாதை விளக்கு தெரியாவிட்டால் அதற்குக் கீழே போகக் கூடாத உயரம்) எவ்வளவு, திரும்ப ஏற நேர்ந்தால் எந்த உயரம், இன்று என்ன தொல்லை. ஜூன், ஜூலையில் கடலிலிருந்து வரும் மழைத் திரையும் காற்றும் அந்தத் தொல்லைப் பட்டியலில் முதல் வரி. கணினியில் இதையெல்லாம் ஏற்றும் நேரத்தில் கண்ட்ரோலை பிஎம்மிடம் கொடுத்துவிட்டுச் செய்வது நல்லது.

மேகத்துக்குள் வந்தால் 1,000 அடியில், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில் ஒரு வாசல். அந்த இடத்தில் கியர் கீழே, இறங்குவதற்கான ஃபிளாப், வேகம் சரி, இன்ஜின் நிலையான சக்தியில், பாதை நேர், லேண்டிங் செக்லிஸ்ட் முடிந்தது என்று எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் திரும்ப மேலே ஏறுவது. ‘இன்னும் கொஞ்சத்தில் சரியாகிவிடும்’ என்ற பேச்சே கிடையாது.

வாசலைத் தாண்டிய பிறகு பிஎம் சொல்ல வேண்டிய சொற்களை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்:

‘ஸ்பீட்’ – இலக்கு வேகத்துக்கு 5 நாட் குறைந்தால், அல்லது 10 நாட் கூடினால்
‘சிங்க் ரேட்’ – நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறங்கினால்
‘பேங்க்’ – 7 டிகிரிக்கு மேல் சாய்ந்தால்
‘பிட்ச்’ – மூக்கு 10 டிகிரிக்கு மேலே போனால், அல்லது 2.5 டிகிரிக்கு மேல் கீழே கவிழ்ந்தால்
‘லோக்கலைசர்’, ‘கிளைடு’ – ஓடுபாதை நேர்கோட்டிலிருந்தோ இறங்கும் சரிவுக் கோட்டிலிருந்தோ அரைப் புள்ளி விலகினால்

பிஎஃப் உடனே பதில் சொல்லித் திருத்த வேண்டும். மினிமத்தில், சாதாரண ஐஎல்எஸ் (ரேடியோ அலை வழிகாட்ட இறங்கும் முறை) என்றால் 200 அடியில், விளக்கு தெரிந்தால் ‘கன்டின்யூ’, தெரியாவிட்டால் ‘கோ-அரவுண்ட், ஃபிளாப்ஸ்’. லிவர் முழுக்க முன்னால், பிஎம் ஃபிளாப்பை ஒரு படி உள்ளே எடுக்கிறார், ‘பாசிட்டிவ் கிளைம்ப்’, ‘கியர் அப்’. முதலில் ஃபிளாப், பிறகு கியர்; வரிசையை மாற்றாதீர்கள். தரை தொட்டால், இறக்கை மேல் எழும் ஸ்பாய்லர், இன்ஜின் ரிவர்ஸ், வேகக் குறைப்பு மூன்றையும் பார்த்து பிஎம் ‘ஸ்பாய்லர்ஸ், ரிவர்ஸ் கிரீன், டீசெல்’, பிறகு ‘செவன்டி நாட்ஸ்’. ஸ்பாய்லர் எழும்பவில்லை என்றால் அதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

வாய் வராத இடம்

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில், பின்காற்றில் இறங்கிய விமானம் ஓடுபாதையின் பாதியைத் தாண்டித் தரை தொட்டு, முனையைக் கடந்து சரிவில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது இரண்டு. பிஎம் ‘கோ-அரவுண்ட்’ சொல்லியும் பிஎஃப் தொடர்ந்து இறக்கியது ஒன்று. சொன்னதோடு நின்று, பிஎம் கண்ட்ரோலை எடுத்து ஏற்றாமல் போனது இன்னொன்று. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்திலும் வலப்பக்க நாற்காலியிலிருந்து ‘கோ-அரவுண்ட்’ என்ற குரல் ஒருமுறைக்கு மேல் வந்தது. குரல் வந்தது, கை வரவில்லை.

பெரியவர் முன் குரலை அடக்கிப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். 12,000 மணி நேரம் பறந்தவரிடம் 200 மணி நேரக்காரர் ‘சார், கொஞ்சம் வேகமா வர்ற மாதிரி இருக்கு, பார்த்துக்கலாமா’ என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வாக்கியம் முடிவதற்குள் 100 அடி போய்விடும்; ஆபத்து என்ற செய்தியும் மரியாதைக்குள் மூழ்கிவிடும். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டரைக் கவனித்துப் பாருங்கள். டிரைவர் அவரைவிட இருபது வயது மூத்தவராக இருக்கட்டும், ‘அண்ணே, நிறுத்தினா நல்லாருக்கும்’ என்று சொல்ல மாட்டார். ஒற்றை விசில், அல்லது ஒரு ‘ஓல்டான்’. டிரைவரும் கோபப்படுவதில்லை, அது அவரைச் சொன்னதல்ல, பஸ்ஸைச் சொன்னது. ‘ஸ்பீட்’, ‘சிங்க் ரேட்’ எல்லாம் காக்பிட்டின் ஓல்டான். தைரியத்தைத் தேடி எடுக்க வேண்டாம், சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. வீட்டில் இரண்டு கூட்டாளிகள் ‘மக்கா, ஸ்பீடு கூடிட்டு பாரு’ என்று பழகினால், சிமுலேட்டரில் பக்கத்து நாற்காலியில் ‘சார்’ உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூட்டாளியிடமும் எழுதியிருக்கும் சொல்லையே சொல்லுங்கள்.

இரண்டு முறை சொல்லியும் பதிலோ திருத்தமோ இல்லையென்றால் மூன்றாவது முறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்று சொல்லி எடுத்துவிட வேண்டும். இதைத் தனியாகப் பத்து முறையாவது பழகுங்கள். எடுத்ததும் அடுத்த சொல் ‘கோ-அரவுண்ட், ஃபிளாப்ஸ்’.

ஏ320இல் எடுக்கும்போது ஒரு சிக்கல். இரண்டு சைட்ஸ்டிக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை அல்ல; ஒன்று அசைந்தால் மற்றது அசையாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் இரண்டு அசைவையும் கணினி கூட்டிக்கொள்ளும், ‘டூயல் இன்புட்’ என்று குரல் வரும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் 228 பேரோடு விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல், ஒருவர் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தது வெகு தாமதமாகத்தான் பேச்சில் வெளிவந்தது. ஆகவே ஸ்டிக்கிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். சாதாரணக் கைமாற்றத்தில் ‘யூ ஹேவ் கண்ட்ரோல்’ – ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ இரண்டும் காதில் விழுந்த பிறகே பழைய கை விலகும்.

கோளாறு வந்தால்

1972 டிசம்பர் 29 இரவில் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் ஒரு ட்ரைஸ்டார் விமானம் விழுந்து 101 பேர் இறந்தார்கள். எரியாத ஒரு கியர் விளக்கு பல்பில்தான் காக்பிட்டில் இருந்தவர்கள் கவனமெல்லாம் இருந்தது. ஆட்டோபைலட் உயரத்தை விட்டு மெல்ல இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

அதனால் எச்சரிக்கை மணி அடித்ததும் பிரிவினை இறுகும். 400 அடிக்குக் கீழே மணியை அணைப்பதைத் தவிர எதையும் தொட வேண்டாம். பிறகு பிஎஃப் ‘ஐ ஹேவ் கண்ட்ரோல், ஐ ஹேவ் கம்யூனிகேஷன்ஸ், ஈகாம் ஆக்ஷன்ஸ்’ என்பார். ரேடியோவும் அவரிடம் போய்விட்டதைக் கவனியுங்கள். பிஎம் தலை முழுக்க, கோளாறையும் அதற்குச் செய்ய வேண்டியதையும் காட்டும் ஈகாம் திரையில் இருக்கலாம். ஆனால் இன்ஜினை நிறுத்தும் இன்ஜின் மாஸ்டர், ஃபயர் பொத்தான், மூடி போட்ட சுவிட்சுகள் இவற்றைத் தொடும் முன் விரலை அதன்மேல் வைத்து ‘மாஸ்டர் ஒன், கன்ஃபர்ம்?’ என்று கேட்க வேண்டும். பிஎஃப் திரும்பி விரலைப் பார்த்துவிட்டுத்தான் ‘கன்ஃபர்ம்’ சொல்ல வேண்டும், முன்னால் பார்த்துக்கொண்டே அல்ல. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஒரு ஏடிஆர் விமானத்தில் ஒரு இன்ஜின் சக்தி இழந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதை நிறுத்திவிட்டார்கள். 43 பேர் இறந்தார்கள்.

பழகும் வரிசை

ஒரு தடவைக்கு 45 நிமிடம் போதும். அதற்கு மேல் வாய் பாடும், கண் பார்க்காது. முதல் வாரம் டேக்ஆஃப் மட்டும், நாளைக்கு எட்டுத் தடவை, நாலுக்குப் பிறகு நாற்காலி மாற்றி. இரண்டாம் வாரம் இறங்குதலும் கோ-அரவுண்டும். மூன்றாம் வாரம் ஈகாம். போனில் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். ‘ஸ்பீட் செக்ட்’ லிவர் சத்தத்துக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது அதில் பச்சையாகத் தெரியும்.

மூன்றாவது ஆள், தங்கையோ அடுத்த வீட்டுப் பையனோ, இருந்தால் அவர் கையில் இருபது சீட்டு கொடுங்கள். ‘வேகம் 12 கூடுதல்’, ‘சிங்க் ரேட் 1,200’, ‘சாய்வு 9 டிகிரி’ என்று எழுதியவை, நடுவே வெறும் சீட்டு ஏழெட்டு. 1,000 அடிக்குக் கீழே வந்ததும் அவர் ஒவ்வொன்றாக பிஎம் கண்ணுக்கு மட்டும் காட்டட்டும். சொல் வரும்வரை அவர் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இரண்டுக்குள் வரவில்லை என்றால் தோல்வி. வெறும் சீட்டுக்கு வாய் திறந்தாலும் தோல்வி. பிஎஃப் சில சீட்டுக்கு வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கலாம், எதற்கு என்பதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அப்போது பிஎம் இரண்டாவது தடவை சொல்லி, பிறகு எடுத்துவிட வேண்டும். இருபது சீட்டும் தீர்ந்ததும் நாற்காலி மாறுங்கள்.